ஆய்வின் வாசகர் யார்? நெல்லை ஆய்வாளர்களின் பொதுவாசிப்பு எழுத்துகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பேராசிரியர்கள் தம் ஆய்வைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்லும்போது முடிவுகளை மட்டும் வழங்குவது போதுமா, அம்முடிவுகளை எட்டிய வழியையும் காட்டவேண்டுமா என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. தொ. பரமசிவன், ஆ. சிவசுப்பிரமணியன் ஆகியோரின் எழுத்துகளைக் கொண்டு இவ்வினா ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பொதுவாசிப்பு, தகவலாளர், உடன்குடி, பனைத்தொழில், பண்பாட்டு ஆய்வு.

முன்னுரை

உடன்குடியில் பதநீர் காய்ச்சும் விடிலியில் ஓர் ஆய்வாளர் அமர்ந்து குறிப்பெடுக்கிறார் எனக் கொள்வோம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது பதநீர் புளித்துக் கள்ளாகாமல் காப்பதற்கு என்பதையும், பாகை எந்தப் பதத்தில் இறக்கிச் சிரட்டையில் வார்க்கவேண்டும் என்பதையும் பனைத்தொழிலாளர் குடும்பத்தார் சொல்லியே அவர் அறிகிறார். அவ்வறிவு ஆய்வேட்டில் களஆய்வுத் தரவாகிறது. சொன்னவர் தகவலாளராகிப் பின்னிணைப்பில் இடம்பெறுகிறார். ஆய்வேடு நூலகத்தைச் சேர்கிறது. அதனை வாசிப்போர் பட்டியலில் அத்தகவலாளர் இல்லை.

ஆய்வைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்லுதல் என்பது பெரும்பாலும் அறிந்தவர் அறியாதவர்க்கு வழங்கும் கொடையாகவே பேசப்படுகிறது. பண்பாட்டு ஆய்வைப் பொறுத்தவரை இக்கருத்து பொருந்துவதன்று. மக்களிடமிருந்து பெற்றதை மக்களிடம் திருப்பி வைத்தலே இங்கு நிகழவேண்டுவது. அவ்வாறு வைக்கும்போது, அதனைச் சரிபார்க்கவும் மறுக்கவும் அவர்களுக்கு இயலவேண்டும்.

வாசகராக எண்ணப்படாதோர்

இப்பகுதியில் இச்சிக்கல் புதிதன்று. இடையன்குடியில் பணியாற்றிய கால்டுவெல், திருநெல்வேலிப் பகுதியின் பனையேறும் சமூகத்தைப் பற்றி 1849இல் ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். மறைப்பணிக்கு ஆதரவளித்த ஆங்கில வாசகர்களே அதன் இலக்கு. நூலின் பொருளாக அமைந்தவர்கள் அதன் வாசகராக எண்ணப்படவில்லை. ஆயினும் நூலின் செய்தி அவர்களை எட்டியது. தம்மைப் பற்றிய இழிவான சித்திரிப்பை அவர்கள் எதிர்த்தனர். நாசரேத்துக்கு அருகில் பிரகாசபுரத்தில் 1857இல் தனிச்சபை கண்ட அருமைநாயகம் சட்டம்பிள்ளை அவ்வெதிர்ப்பின் முதன்மைக் குரல்களுள் ஒருவர். எழுதப்பட்டவர்கள் வாசிக்கத் தொடங்கும்போது ஆய்வு வேறுவகைத் தேர்வுக்கு உள்ளாகிறது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

குறுங்கட்டுரையின் வலிமையும் எல்லையும்

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைவராக விளங்கிய தொ. பரமசிவன், தமிழில் பொதுவாசகரை ஆய்வுக்குள் அழைத்துவந்தவர்களுள் முதன்மையானவர். அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடான ‘அழகர் கோயில்’ 1989இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. கோயிலுக்கும் அதனைச் சூழ்ந்த அடித்தள மக்களுக்கும் உள்ள உறவை விரிந்த சான்றுகளுடன் ஆராய்ந்த நூல் அது. 1997இல் வெளிவந்த ‘அறியப்படாத தமிழகம்’ நூலோ உணவு, உடை, உறவு, விளையாட்டு எனச் சிறுசிறு கட்டுரைகளால் ஆனது. பொதுவாசகரிடம் அவரைக் கொண்டுசேர்த்தது இரண்டாவது நூலின் வடிவமே.

இவ்வடிவத்தின் வலிமையைப் பல்லாங்குழி பற்றிய கட்டுரை காட்டும். சமமாகப் பங்கிட்ட காய்களுடன் தொடங்கும் ஆட்டம், ஒருவர் குவிக்க மற்றவர் இழப்பதில் முடிவதைச் சுட்டி, தனிச்சொத்துடைமையின் தோற்றத்தோடு அதனை அவர் இணைக்கிறார். இவ்விளக்கத்தை ஏற்காதவரும் தம் வீட்டுத் திண்ணையில் ஆட்டத்தை ஆடிப் பார்த்து அதனோடு வாதிடலாம். சான்றின் ஒரு பகுதியேனும் வாசகர் கையிலேயே இருக்கிறது.

உப்பு பற்றிய எழுத்தில் நிலைமை வேறு. சம்பா நெல்லும் உப்பும் கூலியாக வழங்கப்பட்டதால் ‘சம்பளம்’ என்னும் சொல் பிறந்தது என்ற விளக்கம் அங்கு இடம்பெறுகிறது. வழிப்பயண உணவைக் குறிக்கும் ‘சம்பல’ என்னும் வடசொல்லோடு இச்சொல்லை இணைக்கும் கருத்தும் உண்டு. இவ்விரண்டில் எது பொருந்தும் என்பதைத் திண்ணையில் இருந்துகொண்டு முடிவு செய்ய இயலாது. அகராதிகளும் கல்வெட்டுச் சொல்லாட்சிகளும் வேண்டும். குறுங்கட்டுரையில் அவ்விவாதத்திற்கு இடமில்லை. விளைவாக, ஒரு கருதுகோள் மேடைகளிலும் சமூக ஊடகங்களிலும் ஐயத்திற்கு அப்பாற்பட்ட உண்மையாக வலம்வருகிறது.

இது தொ. பரமசிவனின் புலமையைக் குறைத்து மதிப்பிடுவதன்று. சான்றுகளை அடுக்கி எழுதும் ஆற்றலை அவருடைய ஆய்வேடே மெய்ப்பிக்கிறது. வாசகர் தாமே சரிபார்க்கக்கூடிய செய்திக்கும் ஆய்வாளரை நம்பி ஏற்கவேண்டிய செய்திக்கும் இடையிலான வேறுபாட்டைக் குறுங்கட்டுரை வடிவம் மறைத்துவிடுகிறது என்பதே இங்குச் சுட்டப்படும் குறை. அவர் வழியைப் பின்பற்றி எழுதுவோரிடம், அவருக்கிருந்த களஅறிவு இல்லாதபோது, இக்குறை பெருகுகிறது.

வழியைக் காட்டும் எழுத்து

தூத்துக்குடி வ.உ.சிதம்பரம் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றிய ஆ. சிவசுப்பிரமணியன் மற்றொரு முறையை மேற்கொண்டார். உப்பு என்னும் ஒரு பொருளுக்கு ‘உப்பிட்டவரை’, பனைக்குப் ‘பனை மரமே! பனை மரமே!’ எனத் தனித்தனி நூல்களை அவர் எழுதினார். எழுத்துச் சான்றுகளையும் வாய்மொழி வழக்காறுகளையும் அருகருகே வைத்து, எது எங்கிருந்து பெறப்பட்டது என்பதை வாசகர் அறியச்செய்வது அவருடைய எழுத்துமுறை. குறுங்கட்டுரையின் விறுவிறுப்பு இதில் குறைவுதான். எனினும் பனைத்தொழில் அறிந்த ஒருவர் இதனை வாசித்து, குறிப்பிட்ட ஒரு வழக்காறு தம் ஊரில் இவ்வாறில்லை என்று சொல்ல இடமிருக்கிறது. நூலின் ஒரு செய்தி திருத்தப்பட்டாலும் எஞ்சியவை நிற்கும்.

இம்முறைக்கு முன்னோடி நா. வானமாமலை. பாளையங்கோட்டையிலிருந்து அவர் 1969இல் தொடங்கிய ‘ஆராய்ச்சி’ இதழும் நெல்லை ஆய்வுக்குழுவும் பல்கலைக்கழகத் துறையின் அங்கங்கள் அல்ல. கட்டுரையை அவையில் வாசித்து, விவாதித்துத் திருத்தும் வழக்கத்தை ஆய்வுக்குழு வளர்த்தது. சிவசுப்பிரமணியன் அம்மரபில் உருவானவர்.

மதிப்பெண்ணும் மதிப்பீடும்

இன்றைய இளம் ஆய்வாளர் இவ்விரு வழிகளில் எதனையும் மேற்கொள்வது எளிதன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, மொழிப்புலத்தைச் சேர்ந்தவர் மதிப்பீட்டுக்குட்பட்ட ஆய்விதழில் எழுதும் கட்டுரைக்கு 10 மதிப்பெண். பொதுவாசகருக்கான நாளிதழ்க் கட்டுரைக்கு அவ்வாய்வு மதிப்பெண் அட்டவணையில் தனியிடம் இல்லை. ஆய்வேடுகள் சோத்கங்கா மின்களஞ்சியத்தில் எவரும் காணக் கிடைக்கின்றன என்பர். கிடைப்பது வேறு, வாசிக்க இயல்வது வேறு. நம் ஆய்வேடுகளின் மொழியும் அமைப்பும் தேர்வாளரை நோக்கியவை.

ஆயினும் குறை முழுவதையும் விதிமுறைகளின் மேல் ஏற்றுதல் நேர்மையாகாது. துறைசார் வல்லுநரின் மதிப்பீட்டை நாம் இன்றியமையாததாகக் கருதுகிறோம். உடன்குடிப் பனையேறியும் தம் தொழிலைப் பொறுத்தவரை வல்லுநரே. அவருடைய மதிப்பீட்டை நாடாத பனை ஆய்வு, மதிப்பீடு முற்றுப்பெறாத ஆய்வேயாகும்.

முடிவுரை

பொதுவாசகருக்கு எழுதுதல் ஆய்வின் தரத்தைத் தாழ்த்தும் என்னும் அச்சம் தேவையற்றது. முடிவை மட்டும் எழுதி வழியை மறைத்தலே தரத்தைத் தாழ்த்தும். உறுதியானது எது, கருதுகோள் எது, மாற்றுக்கருத்து எது என்பவற்றைக் குறிக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடர் போதும், அடிக்குறிப்பு வேண்டுவதில்லை. களஆய்வு மேற்கொண்ட இயலின் சுருக்கத்தை, ஆய்வேட்டை அளிப்பதற்கு முன்னரே, தகவல் தந்தவர்களிடம் வாசித்துக் காட்டுவதை ஒவ்வொரு ஆய்வாளரும் வழக்கமாகக் கொள்ளலாம். அவர்கள் சுட்டும் பிழைகள் ஆய்வேட்டில் பதிவாகவேண்டும். பாகின் பதத்தைத் தவறாக எழுதியிருந்தால் வாய்மொழித் தேர்வின் அவையில் அது தப்பிவிடக்கூடும், விடிலியில் தப்பாது.