பச்சையாய் ஒளிர்ந்த ஈ

ஐயோ, இந்த ஈயைப் பற்றி யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மண்டையே வெடித்துவிடும்! பழுத்த வாழைப்பழத்தைச் சுற்றிச் சுற்றி வருமே, 3 மில்லிமீட்டர் நீளப் பழ ஈ, அதேதான். தோழியின் ஆய்வகத்தில், கார்பன் டை ஆக்சைடில் மயங்கிக் கிடந்த அதன் விலாவில், ஈ. கோலை பாக்டீரியாவில் தோய்த்த ஊசியால் ஒரே ஒரு குத்து. "நாளைக்குக் காலையில வா" என்றாள். அன்றைக்குத் தூக்கம் வருமா எனக்கு?

மறுநாள் நீல ஒளி பாய்ச்சிய மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். நினைத்துப் பாருங்கள், சுற்றிலும் கும்மிருட்டு, நடுவில் அந்த ஈயின் வயிறு முழுக்கப் பச்சைப்பசேலென்று ஒளிர்கிறது! "எரியுதுடீ, எரியுது!" என்று நான் கத்தின கத்தலில் பக்கத்து அறை ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். வெட்கமா? துளிகூட இல்லை.

டிப்டெரிசின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தின் ஜீன் முடுக்கிவிடப்பட்டால் கூடவே ஜெல்லிமீனின் பச்சைப் புரதமும் உருவாகும்படி மாற்றப்பட்ட ஈ அது. நம் கல்லீரலைப் போல வேலை செய்யும் அதன் கொழுப்புத் திசுதான் அந்த மருந்துத் தொழிற்சாலை. (உண்ட தீனியால் குடலும் லேசாக மினுங்கும்; அதையெல்லாம் யார் பார்த்தார்கள்!)

இன்னும் கேளுங்கள், இதுதான் உச்சம்! மைக்ரோகாக்கஸ் பாக்டீரியாவால் குத்திய ஈயில் டிப்டெரிசின் ஒளி மங்கல், ஆனால் டிரோசோமைசின் என்ற இன்னொரு கிருமிக்கொல்லிப் புரதத்தின் ஜீனுக்கு ஒளிரும் வேறு ரக ஈயைக் குத்தினால் அது ஜொலிக்கிறது, ஆக வந்தது எந்த வகைக் கிருமி என்று இத்தனூண்டு ஈக்குத் தெரிகிறது, எப்படித் தெரியும் என்கிறீர்கள், பாக்டீரியாவின் செல் சுவரிலுள்ள பெப்டிடோகிளைக்கனைத் தொட்டுப் பார்த்துத்தான்: ஈ. கோலையின் சுவரில் டைஅமினோபிமெலிக் அமிலம், மைக்ரோகாக்கஸின் சுவரில் லைசின், இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு கார்பாக்சில் தொகுதி, அய்யோ, ஒன்றே ஒன்று! முதலாவதைக் கொழுப்புச் செல்லின் மேலிருக்கும் பிஜிஆர்பி-எல்சி பிடித்து, டிப்டெரிசினை முடுக்கும் ஐஎம்டி என்ற சமிக்ஞைப் பாதையைத் தட்டி எழுப்பும். இரண்டாவதை ரத்தத்தில் மிதக்கும் பிஜிஆர்பி-எஸ்ஏ பிடிக்க, அடுத்தடுத்து நொதிகள் விழித்து, ஸ்பேட்ஸ்லே புரதம் வெட்டுப்பட்டு டோல் ஏற்பியில் போய் ஒட்ட, டிரோசோமைசின் முடுக்கப்படும். ஆன்டிபாடி கிடையாது, தடுப்பூசி கிடையாது, இவ்வளவும் பிறவியிலேயே!

டோல் பழுதான ஈயின் மேல் பூஞ்சை ரோமம்போல் முளைத்துக் கிடந்ததை 1996-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் லெமைத்ர், ஹாஃப்மன் குழு காட்டியது. எலிகளிலும் டோலின் உறவுக்காரப் புரதம்தான் பாக்டீரியாவை உணர்கிறது என்று 1998-இல் பாய்ட்லர் கண்டுபிடித்தார். நம் உடம்பிலும் அதே குடும்பம் காவல் இருக்கிறது. 2011-இல் ஹாஃப்மனுக்கும் பாய்ட்லருக்கும் நோபல், என்னைக் கேட்டால் ஈக்கும் ஒரு பங்கு கொடுத்திருக்க வேண்டும்!

தெரிந்தவர் யாராவது பழ ஈ ஆய்வகத்தில் இருந்தால், கெஞ்சியாவது ஒருமுறை உள்ளே போய் அந்தப் பச்சையைப் பார்த்துவிடுங்கள்.