நிலைபொருளின் இடம்: எமுலேட்டர் நிரலொன்று பற்றிய திறனாய்வு

ஒரு கணினியின் வன்பொருளை மென்பொருளினாலேயே நடித்துக்காட்டும் நிரலை எமுலேட்டர் என்பர். மெய்யான இயந்திரத்தில் மின்சாரம் பாய்ந்ததும் செயலி முதலில் வாசிப்பது, சில்லுக்குள்ளோ பலகையிலோ பதிந்திருக்கும் நிலைபொருளையே. எமுலேட்டரிலோ அவ்வாறு பதிந்தது எதுவுமில்லை. கோப்பொன்றை எடுத்து நினைவகத்தில் எவரேனும் இட்டாதல் வேண்டும். அப்பணி எப்பகுதிக்கு உரியது என்பதே ஈண்டு ஆராயப்படுவது. இது நிரலாளர்க்கு மட்டும் உரிய வினாவன்று. பலகை வாங்க வசதியற்ற மாணவன் எமுலேட்டரை நம்பியே கற்கின்றான். அது அவனறியாமற் செய்யும் உதவி மெய்ப்பலகையிற் கிட்டாது.

அட்டனிலோ நுவரெலியாவிலோ உள்ள தேயிலை ஸ்டோர் ஒன்றை நோக்குவோம். உருட்டும் இயந்திரத்தின் மேசையிலுள்ள வரிமேடுகள் இயந்திரத்தோடு அமைந்தவை. எவ்வளவு கொழுந்து இடுவது, எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தத்தில் உருட்டுவது என்பன டீமேக்கரின் தீர்மானங்கள். கொழுந்தின் வாட்டத்திற்கும் காலநிலைக்கும் ஏற்ப அவை மாறும். அவற்றையும் இயந்திரத்துள் வார்த்துவிடின், அது பிறிதொரு ஸ்டோருக்கு உதவாது.

ஃபப்ரீஸ் பெல்லார்ட் 2003இல் வெளியிட்ட கியூஎமு என்னும் எமுலேட்டரில் இவ்வேறுபாடு பேணப்படுவதைக் காணலாம். 2020 டிசம்பரில் வெளிவந்த அதன் 5.2ஆம் பதிப்பில் நுவோட்டன் நிறுவனத்தின் என்பிசிஎம்7 வரிசைச் சில்லுகள் இடம்பெற்றன. தொடக்க நிரலுக்கான நினைவக இடம் சில்லின் வருணனையில் உள்ளது. அதனுட் கோப்பை ஏற்றும் நிரலோ பலகைகளின் பகுதியில் உள்ளது. பயனர் கட்டளைவரியில் வேறு கோப்பைக் குறிப்பிடின் அதுவே ஏற்றப்படும்.

தொடக்க நிரல் மெய்யாகவே சில்லுக்குள் இருப்பதால், ஏற்றுதலும் சில்லின் கடமையே என வாதிடலாம். இவ்வாதம் வலுவற்றதன்று. எனினும் இங்கு ஏற்றப்படுவது தயாரிப்பாளரின் மூலநிரலன்று. அதற்கு ஈடாக எழுதப்பட்ட சுருங்கிய நிரலே. ஆகவே அது சில்லின் இயல்பாகாது, ஒருவரது தேர்வாகும். பலகைதோறும் அதே நிரலை எழுதவேண்டி வருமே எனின், பலகைகள் யாவற்றுக்கும் பொதுவான ஒரு செயற்கூறு அக்குறையைத் தீர்த்துவிடுகின்றது.

நிக்கோலா சல்மோரியா 1997இல் தொடங்கிய மேம் வேறுவழி செல்கின்றது. அங்கு ஒரு கருவி தனக்குரிய நிலைபொருளின் பெயரையும் சரிபார்ப்பு எண்ணையும் தானே அறிவிக்க இயலும். பழைய விளையாட்டு இயந்திரங்களைப் பிறழாது காப்பதே அதன் நோக்கமாதலின், அங்கே நிலைபொருள் மாற்றத்தக்க தேர்வன்று. காக்கப்படும் பொருளின் உறுப்பே. நோக்கம் வேறுபட, இடமும் வேறுபடுகின்றது.

கியூஎமுவிடம் குறையில்லாமலில்லை. ஆர்ம் பலகைகளில் இயக்குதளக் கருவை நேரே கொடுத்தால், நிலைபொருள் செய்யவேண்டிய ஆயத்தங்களை எமுலேட்டரே செய்துவிடுகின்றது. ரிஸ்க்-ஃபைவ் வகையின் 'வேர்ட்' பலகையில், எதுவும் குறிப்பிடாதபோது ஓப்பன்எஸ்பிஐ தானாகவே ஏற்றப்படும். வேண்டாமெனில் வெளிப்படையாக மறுத்தல் வேண்டும். இவ்வசதிகள் பயனுடையனவே. ஆயினும் தொடக்கநிலை மாணவன், தன் நிரல் தனித்தே இயங்கியது என மயங்க இவை இடமளிக்கின்றன.

எனவே இடம் சில்லுக்கும் தேர்வு பலகைக்கும் உரியன எனக் கொள்வதே பொதுப்பயன் கருதிய எமுலேட்டருக்குப் பொருந்தும். பலகையின் பகுதியில் உள்ள உதவியை மாணவன் கண்டறியலாம், நீக்கியும் பார்க்கலாம். சில்லின் வருணனைக்குள் புதைந்த உதவியையோ அவன் வன்பொருளின் இயல்பென்றே நம்பிவிடுவான்.