கதவைத் திறந்த சட்டம், கட்டை அவிழ்க்கவில்லை

மனநோய் விடுதிகளின் கொடுமையை எதிர்த்தவர்கள் பல நாடுகளில் உண்டு. நாடு முழுவதற்குமான சட்டமாக அந்த எதிர்ப்பு முடிந்தது இத்தாலியில். பிராங்கோ பசாலியா என்ற மருத்துவரின் இயக்கத்தால் 1978 மே 13-இல் வந்த 180-ஆம் எண் சட்டம், மனநோய் மருத்துவமனைகளைப் புதிதாகக் கட்டக்கூடாது என்றது. இருப்பவற்றைப் படிப்படியாக மூடச் சொன்னது. நோயாளிகளைக் குடும்பங்களின் தலையில் கட்டிவிட்டார்கள் என்ற பழி அன்றிலிருந்து தொடர்கிறது.

திரியெஸ்தே நகரில் நடந்ததை வைத்துப் பார்த்தால் அந்தப் பழி நிற்காது. 1971-இல் அந்நகரின் மனநோய் மருத்துவமனைக்குப் பசாலியா பொறுப்பேற்றபோது அங்கே சுமார் 1,200 பேர் அடைபட்டிருந்தார்கள். அவர்களை வெளியே அனுப்பிவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்ளவில்லை. சிகிச்சை என்ற பெயரில் கூலியின்றித் தரை துடைத்தவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அதே வேலைக்குச் சம்பளம் வாங்கினார்கள். தங்க வீடுகள் கிடைத்தன. இரவும் பகலும் இயங்கும் மனநல மையங்கள் பகுதிதோறும் வந்தன. மாகாண நிர்வாகம் துணைநின்றதும் இதற்கு முக்கியக் காரணம்.

நாட்டின் மற்ற பகுதிகளுக்கு அந்தத் துணை வாய்க்கவில்லை. விடுதிகளைப் பற்றிய 1904-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கக் கோரிய பொதுவாக்கெடுப்பைத் தவிர்க்கவே நாடாளுமன்றம் அவசரமாக 180-ஆம் எண் சட்டத்தை நிறைவேற்றியது. நிதி ஒதுக்கவில்லை, காலக்கெடு வைக்கவில்லை. தேசியச் செயல்திட்டம் 1994-இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் தவித்த குடும்பங்களின் கோபம் நியாயமானது. ஆனால் அது போய்ச்சேர வேண்டிய இடம் கதவைத் திறந்தவர்கள் அல்ல, பணம் தராத அரசுகள்.

இயக்கத்தின் மீதே எனக்குள்ள குறை வேறு. 1961-இல் கொரீட்சியா மருத்துவமனையில் பசாலியாவின் முதல் எதிர்ப்பே, இரவில் கட்டிவைக்கப்பட்டவர்களின் பட்டியலில் கையெழுத்திட மறுத்ததுதான். அப்படித் தொடங்கிய இயக்கம் பெற்றெடுத்த சட்டம், கட்டிவைப்பதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. 2009-இல் தென்னித்தாலியில், கட்டாயச் சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்ட பள்ளி ஆசிரியர் ஒருவர், பொது மருத்துவமனைக் கட்டிலில் 80 மணி நேரத்துக்கும் மேலாகக் கட்டப்பட்டே இறந்தார். விடுதி போனாலும் அதன் வழக்கம் சிறிய வார்டுக்குள் குடிவந்துவிட்டது.

அதற்காக, மாற்று ஏற்பாடு தயாராகும்வரை விடுதிகளை விட்டுவைத்திருக்கலாம் என்பதை நான் ஏற்கமாட்டேன். ஆபத்தானவர் என்று சொல்லி ஆட்களை அடைக்க வழிசெய்த 1904-ஆம் ஆண்டுச் சட்டம் அதுவரை நீடித்திருக்கும். மூடியது சரி. கட்டிவைப்பதை வெளிப்படையாகத் தடைசெய்யாமல் விட்டது பெரும் பிழை. அந்தத் தடையை இன்றும் சட்டத்தில் சேர்க்கலாம், சேர்க்க வேண்டும்.