வாசகர் கண்டனமும் இதழாசிரியர் வாயிலும்

நாளேட்டின் ஞாயிற்றுப் பதிப்பில் ஒரு சிறுகதை வெளிவருகிறது. சில நாள்களில் ஆசிரியர் மேசைக்குக் கடிதங்கள் வந்து சேர்கின்றன. கதை அருமை, எழுத்தாளர் மேலும் எழுத வேண்டும் என வாழ்த்துபவை எளிதில் அச்சேறிவிடும். கதையில் பிழை உண்டென்று சொல்லும் கடிதமே மேசையில் தங்கும். அதனை அப்படியே வெளியிடுவதா, வெட்டி வெளியிடுவதா, குப்பைக் கூடையில் இடுவதா என்று முடிவு செய்யும் அந்தச் சில நிமிடங்களில் ஆசிரியர் ஆற்றும் பணி, திறனாய்வாளர் பணியினும் குறைந்ததன்று. இலக்கிய வரலாறு எழுதுவோர் அதனை அவ்வளவாகக் கருதுவதில்லை.

தமிழுக்கு இவ்வாயிற்காவல் புதியதன்று. நூல்கள் அவையில் அரங்கேறிய காலத்தில், தடைகளைக் கேட்டு விடை கூறும் கடமை நூலாசிரியனுக்கு இருந்தது. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டு ஆசானுக்குக் குற்றமறத் தெரிவிக்கப்பட்டது என்பது அந்நூலின் சிறப்புப்பாயிரம் தரும் செய்தி. உரையாசிரியர்களும் இம்மரபை ஏட்டில் தொடர்ந்தனர். தமக்கு உடன்பாடில்லாத கருத்தை 'என்பாரும் உளர்' என்று முதலில் எடுத்துரைத்து, அது பொருந்தாமைக்குக் காரணம் காட்டுதல் அவர்கள் வழக்கம். சொல்லதிகாரத்திற்கு உரை கண்ட சேனாவரையர், தமக்கு முற்பட்ட இளம்பூரணரைப் பல இடங்களில் மறுக்கிறார். மறுக்கும்போதும் 'உரையாசிரியர்' என்றே அவரைச் சுட்டுகிறார். இதனை வெறும் பண்பாட்டுச் செய்தியாக மாணவர்க்குச் சொல்லி நிறுத்திவிடுவது போதாது. எதிர்க்கருத்து சிதையாமல் முன்வைக்கப்பட்டால்தான், படிப்பவன் இரண்டையும் எடை போட முடியும். சேனாவரையரை ஏற்காத மாணவனும் அவர் நூலிலிருந்தே இளம்பூரணர் கருத்தை அறிந்துகொள்ளலாம்.

அச்சுப்பொறி பெருகியபின் அவையின் இடத்தைக் கண்டனப் பத்திரங்கள் பிடித்துக்கொண்டன. இராமலிங்க அடிகளின் பாடல்கள் 1867 இல் 'திருவருட்பா' என்னும் பெயரால் நூலாக வெளிவந்தன. 'அருட்பா' என்பது தேவாரம் முதலிய திருமுறைகளுக்கே உரிய பெயர் என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தரப்பு எதிர்த்தது. ஒரு காலத்தில் எழுந்த பாடலை முன்னையோர் பாடல்களின் வரிசையில் வைக்கலாமா, வைப்பதற்கு அளவுகோல் யாது, அதனை முடிவு செய்பவர் யார் என்பன உண்மையில் பெரிய வினாக்கள். ஆனால் இரு தரப்பாரும் வெளியிட்ட துண்டறிக்கைகளில் வசைக்கும் ஏளனத்துக்கும் குறைவில்லை. 1869 இல் வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. ஒவ்வொரு தரப்புக்கும் அச்சகம் கிடைத்தது. இது கருத்து, இது வசை என்று பிரித்துக் காட்ட நடுவில் ஒருவரும் இல்லை. இன்று அப்போரை நினைவுகூர்வோர் பலர்க்கு வழக்கு தெரியும். அதன் அடியில் கிடந்த வினா தெரியாது.

உ. வே. சாமிநாதையர் வேறு வழியை மேற்கொண்டார். 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபின் தம்மேல் எழுந்த கண்டனங்களையும், மறுப்பெழுதும் எண்ணத்தை நண்பர் அறிவுரையால் கைவிட்டதையும் அவர் 'என் சரித்திரம்' என்னும் நூலில் சொல்லியிருக்கிறார். மறுப்பில் செலவாகியிருக்கக்கூடிய காலம் அடுத்த பதிப்புப் பணிக்குப் பயன்பட்டது. ஐயருக்கு அந்த மௌனம் தகும். அவர் விடை அடுத்தடுத்த பதிப்புகளில் இருந்தது. ஒரு சிறுகதை எழுதிவிட்டு ஐயரின் மௌனத்தை மேற்கோள் காட்டுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

மலாயாவில் நிலைமை வேறு. 1924 இல் தோன்றிய தமிழ் நேசனும் 1935 இல் தோன்றிய தமிழ் முரசும் செய்தி தருவதோடு, எழுதப் பழகுவோர்க்குக் களமாகவும் விளங்கின. 1950 இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய 'கதை வகுப்பு' இவ்வகையில் தனிக் கவனத்துக்குரியது. எழுத விழைவோர் கதைகளை அனுப்பினர். குறைகள் எடுத்துக் காட்டப்பட்டன. எழுதியோர் அதனை அவமதிப்பாகக் கொள்ளாமைக்குப் பெயரும் ஒரு காரணம் எனலாம். வகுப்பு என்று வந்துவிட்டால் பிழை திருத்துதல் இயல்பு. அதே பிழையை இலக்கிய விழா மேடையில் ஒருவர் சொல்லியிருந்தால் பகையாகியிருக்கும். பின்னர்த் தமிழ் நேசனின் ஆசிரியப் பொறுப்பில் இருந்த கு. அழகிரிசாமியும் எழுத்தாளர்களைக் கூட்டி, கதைகளைப் பேசவும் குறை காணவும் பழக்கினார். தமிழ் நேசன் 2019 இல் நின்றுபோனது. எனினும், குறை கூறுதலை ஒரு பயிற்சியாக நடத்த முடியும் என அது காட்டியது நிலைத்திருக்கிறது.

சிறிய சமுதாயத்தில் இப்பயிற்சி எளிதன்று. கதை எழுதியவர் பள்ளித் தலைமையாசிரியராக இருப்பார். சங்கத்தில் பொறுப்பு வகிப்பார். கண்டித்து எழுதியவரின் மகளுக்குத் தமிழ் கற்பிப்பவரும் அவராகவே இருக்கக்கூடும். அடுத்த நூல் வெளியீட்டில் இருவரும் ஒரே வரிசையில் அமர வேண்டும். எனவே வாசகர் புனைபெயரை நாடுகிறார். அதில் தவறில்லை, பெயரை வெளியிடாமல் காக்கும் ஆசிரியர் உண்மைப் பெயரையும் முகவரியையும் தாம் அறிந்திருத்தல் வேண்டும் என்பது இதழுலகின் பழைய நெறி. ஆசிரியருக்கும் அச்சம் உண்டு. வாசகர் எழுதியதாயினும் அச்சிட்ட குற்றம் இதழையும் சாரும். மலேசியாவில் 1984 ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்படி ஏடுகளுக்கு அனுமதி தேவை. அதனை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டுமென்ற விதி 2012 இல்தான் நீங்கியது. இவ்வச்சத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் ஒரு கதையின் குறையைச் சொல்லும் கடிதத்தை நிறுத்தவும் அதே அச்சத்தைக் காரணம் காட்டும்போதுதான் தீங்கு நேர்கிறது.

தோட்டப்புறக் கதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாயகி உச்சி வெயிலில் பால்மரம் சீவுவதாக அதில் வருகிறது. ஒரு வாசகர் எழுதுகிறார்: விடியுமுன் பெரட்டுக்கு நின்று, குளிர்ச்சி இருக்கும்போதே சீவினால்தான் பால் நன்றாக ஓடும், உச்சிப் பொழுதில் மங்குகளில் பால் எடுத்து முடிந்திருக்கும், கதாசிரியர் தோட்டத்தைச் சாலையிலிருந்து பார்த்தவர் போலும். இன்னொருவர் எழுதுகிறார்: தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு ஓடிப்போனவருக்கு அங்குள்ளோர் துன்பம் எப்படித் தெரியும்? முன்னதன் கடைசித் தொடர் சுருக்கென்று தைக்கும். ஆயினும் அது கதையின் ஒரு வரியிலிருந்து பிறந்தது, எவரும் சரிபார்க்கலாம். அதை ஒரு சொல்லும் குறைக்காமல் வெளியிட வேண்டும். பின்னதில் கதை எங்கும் இல்லை. ஆள் மட்டுமே இருக்கிறார். நடைமுறையிலோ, இரண்டும் காரமானவை என்று இரண்டையும் ஒதுக்கிவிடும் ஆசிரியர் உண்டு. முன்னதை வெளியிட இசைந்தாலும், சூட்டைத் தணிக்க எண்ணி, பெரட்டையும் மங்கையும் வெட்டிவிட்டு, கதையில் சில பிழைகள் உள்ளன என்று மட்டும் அச்சிடுவோரும் உண்டு. சான்று போய்க் குறை மட்டும் நின்றால், அது கதாசிரியருக்கு இழைக்கும் பெரிய அநீதி. எட்டு வாரம் கழித்து, கதையே மறந்துபோன நிலையில் கடிதத்தை வெளியிடுவதும் ஒருவகை ஒதுக்கலே.

பழியை ஆசிரியர்மேல் மட்டும் சுமத்தலாகாது. பள்ளிகளில் கவிதைக்கு 'நயம் பாராட்டல்' எழுதப் பயிற்சி அளிக்கப்படுகிறது. எதுகை மோனை, உவமை, கருத்து என்று வரிசைப்படுத்தி மாணவர் திறம்பட எழுதுகின்றனர். ஒரு கதையின் எந்த வரி நம்பத்தக்கதன்று, ஏன் என்று எழுதும்படி அவர்களை எவரும் கேட்பதில்லை. அப்பயிற்சி இல்லாத கை, பிற்காலத்தில் ஒரு கதையின்மேல் சினங்கொண்டு கடிதம் எழுதப் புகும்போது, சுட்டிக் காட்ட வரி கிடைக்காமல் எழுதிய ஆளைத் தேடிப் போகிறது.