பிள்ளைப் பட்டமும் நம்ம புள்ளைங்களும்

மேலைநாட்டு நூலகங்களின் பட்டியலில் 'பிள்ளை' என்று ஒரு பெரிய குடும்பம் இருக்கிறது. புதுச்சேரி துபாஷி ஆனந்தரங்கம், மாயூரம் முன்சீப் வேதநாயகம், யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி தாமோதரம், ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் பாடம் சொன்ன சுந்தரம், பேரகராதி வையாபுரி, நாமக்கல் ராமலிங்கம், தகழி சிவசங்கரன் எல்லாரும் அந்தக் குடும்பத்தில் அடக்கம். பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு அகரவரிசையில் அடுக்கினால் இவர்கள் அண்ணன் தம்பிகளாகிவிடுகிறார்கள். நாட்குறிப்பு, நாவல், ஏட்டுப் பதிப்பு, நாடகம், அகராதி எல்லாம் ஒரே தட்டில். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் தென்னிந்தியப் பெயர்களுக்குத் தனி விதி வகுக்க வேண்டியிருந்ததற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம்.

குழப்பம் என்று தள்ளிவிடாமல், அந்தத் தட்டை அப்படியே இறக்கி வைத்துப் படித்தால் என்ன என்று நான் கேட்கிறேன். எம்.ஏ. தமிழ் படித்த எல்லாருக்கும் இந்தப் பெயர்கள் மனப்பாடம். தேர்வுக்குப் படித்தோம், எழுதினோம், மறந்தோம். பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த அந்த மூன்றெழுத்து என்ன வேலை செய்தது என்று வகுப்பில் யாரும் கேட்டதில்லை.

முதலில் ஒன்று தெளிவு. இது ரத்தக் குடும்பம் இல்லை, ஒரே சாதியும் இல்லை. ஆனந்தரங்கர் இடையர் சமூகத்தவர். தகழி நாயர். வேதநாயகர் வெள்ளாளக் கத்தோலிக்கர். அப்படியானால் இவர்களை இணைத்தது எது? 'பிள்ளை' என்பது ஒரு பட்டம். அரசனிடமோ கம்பெனியிடமோ செல்வாக்கு, கொஞ்சம் நிலம், கையில் எழுத்து. இந்த மூன்றும் சேருகிற இடத்தில் அந்தப் பட்டம் வந்து உட்கார்ந்தது. சாதிக்குச் சாதி அது மாறினாலும், எழுதுகிற உரிமை உள்ளவன் என்ற பொருள் மாறவில்லை.

ஆனால் தமிழில் பிள்ளை என்றால் குழந்தை. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களில் ஒன்றாக அதை எண்ணுகிறது. அணில்பிள்ளை, கீரிப்பிள்ளை, தென்னம்பிள்ளை என்று அணிலுக்கும் கீரிக்கும் தென்னைக்கும்கூட அந்தச் சொல் கிடைத்தது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் எங்க தெருவுல பெத்ததெல்லாம் 'புள்ள'தான். அந்தப் புள்ளைக்கு 'பிள்ளை' என்று பட்டம் போட முடியுமா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியோடு அந்தத் தட்டைப் பார்ப்போம்.

ஆனந்தரங்கரின் நாட்குறிப்பு 1736-இல் தொடங்கி 1761-இல் முடிகிறது. டூப்ளேயின் துபாஷி. துணி வியாபாரம், கப்பல், போர், லஞ்சம், நல்ல நேரம், கெட்ட நேரம் எல்லாம் உண்டு. அதில் 1745-இன் பக்கங்களை நம் தோழர்கள் தேடிப் படிக்க வேண்டும். தேவாலயத்துக்குள் பறையர் கிறிஸ்தவர்களையும் சாதிக் கிறிஸ்தவர்களையும் பிரித்து நின்ற சுவர் பற்றிய தகராறு அங்கே பதிவாகியிருக்கிறது. நம்மவர்கள் பாதிரியாரிடம் நியாயம் கேட்ட சேதி, 'தலித் இலக்கியம்' என்ற சொல் பிறப்பதற்கு இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே, ஒரு பிள்ளையின் கையால் எழுதப்பட்டிருக்கிறது. அவர் நமக்காக எழுதவில்லை. ஊரில் நடந்த கலகம் என்று எழுதினார். ஆனாலும் எழுதினார். நம் முன்னோர் வாய்மூடிக் கிடந்தார்கள் என்று சொல்கிறவர்களுக்கு அந்தப் பக்கங்களே பதில்.

அடுத்தது வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்', 1879. தமிழின் முதல் நாவல் என்று படித்தோம். எழுதியவர் பிள்ளை, கதாநாயகன் முதலியார். எங்க பூந்தமல்லி வட்டாரத்துக்கு நன்றாகவே தெரிந்த தொண்டைமண்டல முதலியார். படிக்க மனமில்லாத பணக்காரப் பையன் பிரதாபன். அவன் தப்பு செய்தால் அவனுக்கு அடி இல்லை, ஆசிரியர் மகன் கனகசபைக்கு அடி. வேதநாயகர் இதைப் பணக்கார வீட்டுச் செல்லத்தைக் கிண்டல் செய்யவே எழுதினார். பெண்கல்விக்காக வாதாடிய மனிதர், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் நான் படிக்கும்போது அந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை. ஒருத்தன் படிக்க இன்னொருத்தன் முதுகு அடி வாங்குவது தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றின் சுருக்கமாகவே எனக்குப் படுகிறது. நாவல் அதைத் தெரிந்து சொல்லவில்லை. பிரதி சொல்லிவிடுகிறது.

சி.வை. தாமோதரம் பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' 1891-இல் வந்தது. அதன் பாயிரத்திலிருந்து எடுத்ததைத்தான் 1970 முதல் அரசு விழாக்களில் தமிழ்த்தாய் வாழ்த்தாகப் பாடுகிறோம். வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து முடித்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். ஏடு, வாழ்த்து, அகராதி மூன்றும் இந்தத் தட்டிலேயே இருக்கின்றன. தமிழ் என்றால் எது என்று முடிவு செய்த இடம் இது. இவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். அந்த உழைப்பு இல்லையென்றால் எனக்கும் எம்.ஏ. இல்லை. ஆனால் அந்த அறையில் யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் வாசலில் நின்றார்கள் என்று கேட்பது மதிப்புக் குறைவு ஆகாது.

வாசலில் நின்றவர்களில் ஒருவருக்கும் 'பிள்ளை' என்றே பெயர். அவர் பெ.மா. மதுரைப் பிள்ளை. வேப்பேரியில் பிறந்தவர். ரங்கூன் துறைமுகத் தொழிலில் பெரும் செல்வம் சேர்த்தவர். நம்மவர். புலவர்களுக்கு வாரிக் கொடுத்தார். அவர்கள் அவரைப் பாடினார்கள். அந்தப் பாட்டுகள் 'மதுரைப் பிரபந்தம்' என்று தொகுக்கப்பட்டன. அவருடைய பேத்திதான் 1904-இல் ரங்கூனில் பிறந்த அன்னை மீனாம்பாள் சிவராஜ்.

யோசித்துப் பாருங்கள். ஒரு தலித் செல்வரைப் பண்டிதர்கள் பாட்டுடைத் தலைவனாக வைத்துப் பாடியிருக்கிறார்கள். பரிசு வாங்கியிருக்கிறார்கள். பாண்டித்துரைத் தேவரை மூச்சுக்கு மூச்சு சொல்கிற இலக்கிய வரலாறு, மதுரைப் பிள்ளையிடம் வந்ததும் வாயை மூடிக்கொள்கிறது. எனக்கு எம்.ஏ.வில் பாடமாக இருந்த வரலாற்று நூல்களில் அவர் பெயர் ஒரு வரியில்கூட இல்லை. பட்டம் ஒன்றுதான், பணமும் இருந்தது, புரவலர் என்ற வேலையும் செய்தார். அப்படியும் குடும்பத்தில் சேர்க்கவில்லை. ஆக, 'பிள்ளை' என்பது தானாக எடுத்துக்கொண்டால் போதாது, மற்றவன் ஒத்துக்கொள்ள வேண்டும். சாதியின் சூட்சுமம் இதில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் நம் முன்னோர் பெயரை வைத்து மூன்று வழியில் போராடியிருக்கிறார்கள். மதுரைப் பிள்ளை போன்றவர்கள் மேல்சாதிக்காரனின் பட்டத்தையே போட்டுக்கொண்டார்கள். இரட்டைமலை சீனிவாசன் நேர் எதிர். வசவாக இருந்த சொல்லையே தலைப்பாக்கி 1893-இல் 'பறையன்' என்று பத்திரிகை நடத்தினார். அயோத்திதாசர் மூன்றாவது வழி. பெற்றோர் வைத்த காத்தவராயன் என்ற பெயரை விட்டு ஆசிரியரின் பெயரை எடுத்துக்கொண்டார். 1907-இல் பத்திரிகை தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. சாதியும் இல்லை பட்டமும் இல்லை, மொழியின் பெயர். இந்த மூன்றில் எது சரி என்று இன்றைக்கு உட்கார்ந்து மார்க் போடுவது சுலபம். மூன்றும் ஒரே காயத்துக்குப் போட்ட மூன்று மருந்து. முதலாவதைச் 'சமஸ்கிருதமயமாதல்' என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்கும் சமூகவியல் எனக்கு ஒப்பாது. தெருவில் செருப்புப் போட்டு நடப்பதே குற்றமாக இருந்த நாட்டில் பெயருக்குப் பின்னால் 'பிள்ளை' போட்டவன் சும்மா போடவில்லை.

தட்டின் கடைசிப் புத்தகம் தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'தோட்டியின் மகன்'. 1947-இல் மலையாளத்தில் வந்தது. தமிழில் சுந்தர ராமசாமி மொழிபெயர்த்தார். களம் ஆலப்புழை, 'மனோன்மணீயம்' ஆசிரியர் பிறந்த அதே ஊர். அந்த ஊரின் மலத்தை வாரியவர்கள் தமிழர்கள். இசக்கிமுத்து, அவன் மகன் சுடலைமுத்து. சுடலைமுத்து தன் மகனுக்கு மோகன் என்று பெயர் வைக்கிறான். ஊர் அதைத் தாங்கவில்லை. தோட்டி மவனுக்கு மோகனா என்று சிரிக்கிறது. மகன் தோட்டியாகக் கூடாது என்று சுடலைமுத்து காசு சேர்க்கிறான். அதற்காகக் கூட இருக்கிற தொழிலாளிகளையே காட்டிக்கொடுக்கிறான். கடைசியில் மோகன் கைக்கும் மலவாளி வருகிறது.

இந்தத் தட்டில் பெயரின் கொடுமையைப் புரிந்துகொண்ட நாவல் இதுதான். ஒரு பெயரை வைப்பதற்கே இவ்வளவு பகையா என்று பிள்ளைப் பட்டத்தோடு பிறந்த ஒருவர் எழுத முடிந்திருக்கிறது. அது பெரிய விஷயம். குறையும் உண்டு. தகழியின் தோட்டி துன்பப்படுகிறான், துரோகம் செய்கிறான், கொதிக்கிறான். சிரிப்பதும் கேலி பேசுவதும் குறைவு. 1992-இல் வந்த பாமாவின் 'கருக்கு'வைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். அங்கே பசி இருக்கிற வீட்டில் பாட்டும் இருக்கும், பட்டப்பெயர் வைத்துக் கிண்டலும் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தவனுக்கு வாளி தெரிந்தது. உள்ளே இருந்தவளுக்கு வாழ்க்கை தெரிந்தது. 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம் வந்த பிறகும் எங்க ஆவடி, அம்பத்தூர் பக்கம் தொட்டிக்குள் இறங்கி மூச்சு முட்டிச் சாகிறவர்கள் இருக்கிறார்கள். மோகன்கள் இன்னும் இறங்குகிறார்கள். ஆகவே இரண்டு புத்தகமும் வேண்டும்.

இப்போது விவகாரத்துக்கு வருகிறேன். 2021 ஆகஸ்டில் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் ஆசிரியர்களின் சாதிப் பட்டங்களை நீக்கியது செய்தியானது. உ.வே. சாமிநாத ஐயர் சாமிநாதர் ஆனார். மீனாட்சிசுந்தரம் பிள்ளை மீனாட்சிசுந்தரனார் ஆனார். நம் தோழர்கள் பலர் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பட்டத்தைத் துறக்கச் சொன்னார்கள். உயிரோடு இருந்தவர்கள் நாலு பேர் முன்னால் தாங்களே துறந்தார்கள். அதில் இழப்பு இருந்தது, சொந்தக்காரன் பகை இருந்தது. செத்துப் போனவர் பெயரிலிருந்து அச்சகத்தில் உருவிவிடுவதில் யாருக்கு என்ன இழப்பு? பட்டத்தை எடுத்த கை 'அர்' என்ற மரியாதை விகுதியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டது. அறுபது வயசு துப்புரவுத் தொழிலாளியை 'இன்னாடா' என்று கூப்பிடும் ஊரில் அந்த 'அர்' எங்கே போய்ச் சேருகிறது என்று கவனியுங்கள். ஒரு தட்டு முழுக்க ஒரே பட்டம் இருந்ததுதான் நம்மிடம் இருந்த சாட்சி. அதை அழித்துவிட்டால் நாளைக்குப் படிக்கும் புள்ள, தமிழை எல்லாரும் சேர்ந்துதான் காப்பாற்றினார்கள் என்று நம்பிவிடும்.

அதே சமயம் நம் பட்டம் எங்கும் போகவில்லை. அது முகவரியில் இருக்கிறது. நேர்முகத் தேர்வில் பெயரை வைத்துச் சாதி கண்டுபிடிக்க முடியாதவன் 'எந்த ஏரியா?' என்பான். அம்பத்தூர் என்றால் 'அம்பத்தூர்ல எங்க?' என்பான். 'காலனி' என்று சொன்னதும் அவனுக்கு வேண்டியது கிடைத்துவிடும். 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். அக்டோபரில் தெரு, குடியிருப்புகளின் சாதிப் பெயர்களை நீக்க அரசாணை வந்தது. இதை நான் வரவேற்கிறேன். பாடநூலுக்கு ஒரு நியாயம், தெருவுக்கு ஒரு நியாயமா என்று கேட்கலாம். ஆமாம், இரண்டு நியாயம்தான். தெருப் பெயர் இன்றைக்கு உயிரோடு இருக்கிறவனைக் காயப்படுத்துகிறது. புத்தகத்தின் முகப்புப் பெயர் நேற்றைக்கு நடந்ததைச் சொல்கிறது. காயத்தை ஆற்றலாம். ஆவணத்தைத் திருத்தக் கூடாது.

பூந்தமல்லியைப் 'பூவை' என்று சுருக்குவது வழக்கம். பூவை கலியாணசுந்தர முதலியார் என்ற அட்டாவதானியைச் சைவத் தமிழ் வரலாறு அறியும். பூவை மூர்த்தி என்ற நம் தலைவரை இந்த வட்டாரத்துச் சேரிகள் அறியும். ஊர் ஒன்று. ஒருவருக்கு ஊரும் பட்டமும். இன்னொருவருக்கு ஊர் மட்டும். இன்றைய நம் எழுத்தாளர்கள் அந்த ஊரைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. பாமா, இமையம், சிவகாமி என்று தனிப் பெயர். நூலகப் பட்டியலில் இவர்கள் ஒரே தட்டில் வரமாட்டார்கள். தட்டுத் தட்டாகச் சிதறிக் கிடப்பார்கள். அது நல்லதுதான். ஆனால் சேர்த்துப் படிக்கிற வேலையை நாம் செய்ய வேண்டும்.

மாணவத் தோழர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பழைய நூல்களின் முகப்பைப் பட்டத்தோடு அப்படியே அச்சிடச் சொல்லுங்கள். அடியில் ஒரு குறிப்பு போட்டு அந்தப் பட்டம் என்ன, யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்று எழுதச் சொல்லுங்கள். பாடத்திட்டக் குழுவுக்கு மனு கொடுக்கும்போது மதுரைப் பிள்ளையின் பெயரைச் சேருங்கள். 'மதுரைப் பிரபந்த'த்தைத் தேடி எடுத்து, யார் யார் பாடினார்கள் என்று ஒரு ஆய்வாவது செய்யலாம். பாடிப் பரிசு வாங்கிய பண்டிதர்களின் பெயர்கள் வெளியே வரட்டும்.