அடுக்களையும் புதிய இசையும்

சுவை என்னுஞ் சொல்லை நாம் நாவிற்கும் வழங்குகிறோம்; செவிக்கும் வழங்குகிறோம். ஆதலின், மேனாட்டில் சோதனை இசை இயற்றுவோரைச் சமையல் செய்வோருக்கு ஒப்பிடுவது தமிழர்க்கு வியப்பன்று. அவ்வுவமை முழுதும் பொருந்துகிறதா, பாதிதான் பொருந்துகிறதா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

அமெரிக்கரான ஜான் கேஜ் (1912–1992) என்பாரை எடுத்துக்கொள்வோம். 1940 ஆம் ஆண்டில் ஸியாட்டில் நகரில் ஸிவில்லா போர்ட் என்னும் நடன மாதின் ஆட்டத்திற்கு அவர் இசையமைக்க நேர்ந்தது. முழவுக் கருவிகள் பலவற்றைப் பரப்ப அரங்கில் இடமில்லை. பியானோ ஒன்றே இருந்தது. அவர் தம் இல்லத்துச் சமையலறையிலிருந்து ஒரு தட்டை எடுத்து வந்து பியானோவின் தந்திகள்மீது வைத்தார். ஓசை மாறியது, ஆனால் தட்டு நில்லாது துள்ளிற்று. ஆணியைச் செருகினார், அது நழுவிற்று. பின்னர்த் திருகாணியைத் தந்திகளினிடையே செருகினார், அது நின்றது. ஒரு பியானோவே பல பறைகளும் மணிகளுமாக ஒலித்தது.

அடுக்களையில் நிற்பவளின் செயலும் இதுவேயன்றோ? 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அருகியபோது, மரவள்ளிக்கிழங்கை அவித்தும் இடித்தும் மாவாக்கியும் பார்த்த நம் பெண்மக்கள் இதை நன்கறிவர். இல்லாமை கற்பித்த கலை அது.

சோதனை என்றால் கண்டதைப் போட்டுக் கலக்குவது என்பார் உளர். அது பிழை. 1946 முதல் 1948 வரை கேஜ் இயற்றிய இருபது சிறு உருப்படிகளின் தொகுதி ஒன்றுண்டு. அதற்குப் பியானோவின் 45 சுரங்களில் திருகாணி, மரையாணி, ரப்பர் முதலியவற்றைச் செருகவேண்டும். எந்தத் தந்தியில், எப்பொருளை, எத்தனை அங்குலத்தில் என்பதை அவர் பட்டியலிட்டே கொடுத்தார். ஆயினும் பியானோவுக்குப் பியானோ ஒலி வேறுபடும். ஒரே செய்முறையில் இரு வீட்டு ரசம் ஒன்றாயிருப்பதுண்டோ? இதுவரை உவமை செம்மையாகப் பொருந்துகிறது.

நிற்க. 1951 இல் கேஜ் வேறு வழி புகுந்தார். காசுகளைச் சுண்டி, ஈ சிங் என்னும் பழஞ்சீன நூலின் துணையால் சுரங்களைத் தெரிந்தெடுத்தார். குறி பார்த்தற்கன்று, தம் விருப்பு வெறுப்பு இசையிற் புகாதிருத்தற் பொருட்டு. அதே கேஜ் காட்டுக் காளான்களை நாடித் திரிவதில் பெருவிருப்புடையவர். 1962 இல் நியூயார்க்கில் காளான் ஆய்வுக் கழகம் ஒன்றை நிறுவியவருள் ஒருவர். காசு சுண்டிக் காளானைத் தெரிந்தெடுத்து உண்பார் உண்டோ? நஞ்சு நஞ்சே. உண்பவன் உயிர் அங்கே நடுவாக நிற்கிறது. இசையில் அத்தகைய நடுவன் இல்லை. எவ்வோசையும் எவரையும் கொல்வதில்லை. அதனாலேயே இசைவாணனுக்குச் சமையற்காரிக்கில்லாத உரிமை கிடைக்கிறது. அவ்வுரிமையை நாம் மறுக்கவில்லை.

நாம் மறுப்பது பிறிதொன்று. கேட்பவன் முகஞ்சுளித்தால், "உனக்கு இசையறிவு இல்லை" என்று வாயடைப்பார் எந்நாட்டிலும் உளர். சமையலை உவமை கூறுவோர் இதைச் சொல்லலாகாது. உப்பில்லை என்று கூறுதற்கு உண்பவன் சமையற்கலை பயின்றிருக்க வேண்டுவதில்லை. பால்மரம் சீவுபவனுக்கும் நாவுண்டு, செவியுமுண்டு.

ஆனால் ஒன்று. பிள்ளைப் பருவத்தில் நாம் துப்பிய பாகற்காயை வளர்ந்தபின் கேட்டு வாங்கி உண்கிறோம். ஆகவே புதிய இசையை ஒருமுறை கேட்ட மாத்திரத்தே தள்ளுவதும் அறிவுடைமையன்று. இலையில் இட்டதை முதலில் உண்போம்; மறுமுறையும் உண்போம்; பின்னர் நன்றாயின் நன்றென்போம், அன்றாயின் அன்றென்போம். படைத்தவர் பெயருக்கு அஞ்சித் தலையசைக்க மட்டும் வேண்டா.