குறைந்த வோல்ட், நிறைந்த ஓட்டம்

பினாங்குத் தீவில், என் கெலுகோர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், விரல் நீள ஆர்டுயினோ பலகை ஒன்று கண் சிமிட்டுகிறது. அதன் ஏட்மெகா 328பி சில்லு 16 மெகாஹெர்ட்ஸில் ஓட 5 வோல்ட் கொடுப்பதே வழக்கம். 3.3 வோல்ட்டில், தயாரிப்பாளர் கணக்குப்படி, ஏறக்குறைய 13தான் எல்லை. நான் 3.3 வோல்ட் கொடுத்தும் 16ஐக் குறைக்கவே இல்லை. ஓடுகிறது!

வோல்ட் குறைந்தால் டிரான்சிஸ்டர்கள் சோம்பும். ஆனால் மின்செலவு வோல்ட்டின் வர்க்கத்தோடு இறங்கும். 5இன் வர்க்கம் 25க்குப் பதில் 3.3இன் வர்க்கம் சுமார் 11, பாதிகூட இல்லை. பேட்டரிக்குக் கொண்டாட்டம். (வாசல் பூட்டை மட்டும் இதனிடம் ஒப்படைக்க மாட்டேன்.)

1972இல் இன்டெல் ஆலை திறந்த தீவு இது. இங்கே சில்லுச் சோதனை பலருக்குச் சோறு, எனக்கு விளையாட்டு. ஒரு மதிய வெக்கையில் பலகையின் விளக்கு பாதிச் சிமிட்டலில் உறைந்தது. வேகத்தை 8 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கினேன், மறுபடி சிமிட்டியது.